லூர்து அக்காவுக்கு ஒரு சவுண்ட் கார்டு

லூர்துராணி அக்காவின் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். விஜயதசமி அன்று மாலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மறுநாள் காலை வலது காதுக்குள் ஒரு கருவியைப் பதிப்பார்கள். இடது காது போய் வெகுகாலம் ஆகிறது. வலது காதில் இன்று மிச்சமிருக்கும் கொஞ்சமும் கருவி உள்ளே போன பிறகு அநேகமாக இருக்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு எல்லாமே கருவி வழியாகத்தான். பழகப் பழகப் பேச்சு புரிந்துவிடும், பாட்டு எப்படிக் கேட்கும் என்பதை மட்டும் இப்போது சொல்ல முடியாது என்றாராம்.

தென்னூரில் ஒரு டயர் கடையின் மாடியில் நடக்கும் ஒலிப்பதிவு மாலை வகுப்பில் நான் படிக்கிறேன். அக்கா அங்கே ஆபீஸ் பார்க்கிறார். சேர்க்கை, வருகைப் பதிவு, சாவி எல்லாம் அவர் பொறுப்பு. நம் உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார், மீதிக்குக் காதில் மாட்டிய கருவி. பகலில் நான் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறேன். ஒரு வரி அடித்தால் அதைத் திரும்பப் படிக்காமல் அடுத்த வரிக்குப் போக மாட்டேன். படித்த பிறகும் சரிதானா என்று இருக்கும்.

"அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு கேட்டுடணும் சுபா," என்றார் அக்கா. "என்னோட பாட்டு."

"நீங்க பாடுவீங்களாக்கா?"

"யாரு பாடினா? போட்டது. கம்ப்யூட்டர்ல போட்டது. நீ செஞ்சு குடு. இங்க வர்றதுலயே நீதான் ஒரு வேலையப் பொறுமையா செய்யறவ. மத்ததுங்கள்லாம் ரீல்ஸ் போடத்தான் வருதுங்க."

பொறுமை என்று அவர் சொன்னதற்கு என் அம்மா வைத்திருக்கும் பெயர் வேறு. ஆனாலும் சரி என்றேன்.

அக்காவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. கைலாசபுரம் டவுன்ஷிப்பில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தார். அவர்கள் சலிக்காமல் அடிக்க வேண்டும் என்பதற்காகத் தானே ஒரு ப்ரோகிராம் எழுதினார். திரையில் ஒரு பத்தி வரும். அதைப் பிழையே இல்லாமல் அடித்து முடித்தால் ஒரு சின்ன இசை ஒலிக்கும். ஓர் எழுத்து தப்பினாலும் கம்ப்யூட்டர் 'டொக்' என்று ஒரு குட்டு வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும். அந்த இசையைக் கேட்பதற்காகவே பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு அடித்தார்களாம். இசை தனியாக எங்கும் இல்லை. ப்ரோகிராமின் வயிற்றுக்குள் இருக்கிறது. கேட்க வேண்டுமானால் இன்றைக்கும் பத்தியை அடித்துத்தான் ஆக வேண்டும்.

அந்தக் காலத்துச் சவுண்ட் கார்டில் வீணை, மணி என்று பதிவு செய்து வைத்த ஒலி எதுவும் கிடையாது. ஓர் அலையை எடுத்து இன்னோர் அலையால் உலுக்குவார்கள். எவ்வளவு வேகமாக உலுக்குகிறோம், எவ்வளவு பலமாக உலுக்குகிறோம் என்பதைப் பொறுத்து அது மணியாகும், குழலாகும், தகர டப்பாவும் ஆகும். இதற்குத்தான் எஃப்.எம். முறை என்று பெயர். உலுக்கலைச் சொல்வது எண்கள். அக்கா அந்த எண்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்து, எந்த வாத்தியத்திலும் சேராத ஓர் ஒலியைச் செய்துவைத்திருந்தார். அதே எண்களை வேறு சிப்பிடம் கொடுத்தால் அது தன் இஷ்டத்துக்கு வேறாக உலுக்கும் என்பதுதான் சிக்கல்.

அக்கா பத்திரமாக வைத்திருந்த ப்ரோகிராமின் பிரதியை வாங்கி முதலில் என் லேப்டாப்பில் முயன்றேன். பழைய சிப்பைப் போலவே நடிக்கும் மென்பொருள் இருக்கிறது. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அக்கா காதுக் கருவியைக் கழற்றிவிட்டு ஹெட்போனை வலது காதில் அழுத்திக்கொண்டார். நான் பத்தியை அடித்தேன். இசை வந்தது. ஹெட்போனுக்கு வெளியே கசிந்ததே எனக்குக் கேட்டது, சத்தம் அவ்வளவு கூட்டியிருந்தேன்.

அக்கா தலையை ஆட்டினார். "இது இல்ல. மேல ஒண்ணு வரும் சுபா, மினுக்கு மினுக்குன்னு. அது இல்ல இதுல. வெறும் கட்டைச் சத்தம்தான் இருக்கு. கார்டுல வர்ற சத்தமே வேற. இதெல்லாம் நகல்."

மேலே ஏதோ மினுங்குவது போல எனக்குக் கேட்டது. ஆனால் அதைச் செய்தவர் அவர். இல்லை என்று அவர் சொல்லும்போது இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? என் காதைவிட அவர் நினைவுக்குத்தான் அதிகாரம் உண்டு என்று முடிவு செய்தேன். உண்மையான கார்டு வேண்டும்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் அவர் வீட்டில் இருந்தது. சென்டரை மூடியபோது கொண்டுவந்தது, இன்னும் ஓடுகிறது. அதிலிருந்த சவுண்ட் கார்டு மட்டும் ஒரு மழைக்கு ஈரம் இறங்கிப் பச்சை பூத்துச் செத்துப்போனது. அது என்ன கார்டு என்று அவருக்கு நினைவில்லை. "பச்சையா இருந்துச்சு," என்றார். எல்லாக் கார்டும் பச்சைதான்.

இணையத்தில் இதற்கென்றே கூடிப் பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. சாரம் இதுதான்: அசல் யமஹா சிப் உள்ள கார்டும் உண்டு, அதைப் போலவே பேசக்கூடிய ஒப்புச் சிப் போட்ட கார்டும் உண்டு. இரண்டையும் கம்ப்யூட்டர் ஒன்றாகவே நினைத்துக்கொள்ளும். கார்டை எடுத்துச் சிப்பின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் பார்ப்பதே நல்ல வழி.

பாலக்கரையில் நல்லுசாமி அண்ணன் பழைய கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் உள்ளே நுழைய முடியாது, வாசலில் நின்றுதான் கேட்க வேண்டும்.

"சவுண்டு கார்டா? அந்தப் பொட்டில பாரும்மா. இருக்கறதுலயே பெருசா எடுத்துக்க. நல்லா சவுண்டு வரும்."

"பெருசு சின்னது இல்லண்ணே. மேல இருக்கிற சிப்பு யமஹாவா இருக்கணும்."

"வண்டி வாங்க வந்தியா? பக்கத்துக் கடை," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

பெட்டியைக் கிளறினேன். ஒவ்வொரு கார்டிலும் பெரிய சிப்பின் மேல் மட்டும் மஞ்சளாகக் கெட்டிப்பட்ட ஒரு வட்டம், அதன் நடுவே கறுத்துப்போன சிவப்பு.

"என்னண்ணே இது?"

"ஆயுத பூஜைம்மா. வருசா வருசம் சந்தனம் குங்குமம் வச்சிருவேன். ஒரு சாமானை விட்டதில்ல. விக்காம கெடக்கறதுக்கு ஒரு பொட்டு கூடவே வைக்கறது."

"அது ஏன்ணே சரியா அந்தப் பெரிய சிப்பு மேலயே?"

"வேற எங்க வைப்பாங்க? நெத்தி அதுதானே?"

வருடத்துக்கு ஒரு பூச்சாக எத்தனை பூஜையின் சந்தனமோ. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. மற்ற அடையாளங்களும் இல்லை. கார்டில் ஒட்டியிருந்த சீட்டுகள் உதிர்ந்துபோயிருந்தன. அக்காவின் கம்ப்யூட்டருக்குப் பொருந்தும் நீளமான பல் வரிசை இருந்தவை இரண்டே. "ரெண்டையும் கொண்டுபோ, ஆகாததைத் திருப்பிக் குடு" என்றார் அண்ணன். இந்த வருட ஆயுத பூஜை நெருங்கிவிட்டது, அதற்குள் கொடுத்துவிட்டால் அதற்கும் புதுப் பொட்டு வைத்துவிடலாம் என்றும் சொன்னார்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில். வீட்டுக்கு வந்ததும் மேசையில் செய்தித்தாள் விரித்தேன். இரண்டு கார்டையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும், அப்போதுதான் பின்னால் ஒப்பிட முடியும் என்று நினைத்தேன். இரண்டின் மேலும் ஒரே அளவு ஈரப் பஞ்சை வைத்தேன். இரண்டும் ஒரே நேரம் ஊறின. பிறகு இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பாதி பிளேடால் சுரண்டினேன். சந்தனம் சில்லு சில்லாக வந்தது. அதன் அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதை முதலில் நான் பூஞ்சை என்று நினைத்தேன். சில்லைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தபோது அது ஓர் எழுத்தின் வால். எந்த எழுத்து என்று தெரியவில்லை.

அச்சு சந்தனத்தோடு வந்துவிட்டது. இரண்டு சிப்பும் வழவழவென்று கறுப்பாக, ஒன்றுமே எழுதாத பலகை போல இருந்தன. ஒன்றை முடித்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொட்டிருக்கலாம். அப்படிச் செய்வதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எனக்கு முறைதான் முதலில் தோன்றியது.

மறுநாள் வகுப்பில் அக்காவிடம் சொன்னபோது மாடி அதிரச் சிரித்தார். அவருக்குத் தன் சிரிப்பின் அளவு தெரியாது. "நெத்தியையே அழிச்சிட்டியா! சரி விடு. பேரைப் படிச்சா கேக்கப் போறோம்? மாட்டிப் பாத்தா நான் சொல்லிடறேன் எதுன்னு. நான் போட்ட சத்தம் எனக்குத் தெரியாதா?"

அந்த ஞாயிறு கைலாசபுரம் போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துவாக்குடி பஸ். பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டே போனேன். குவார்ட்டர்ஸ் வீட்டின் வாசலில் குருவி கத்துவது போல ஒலிக்கும் காலிங் பெல். அழுத்தினேன். உள்ளே குருவி கத்துவது தெருவரை கேட்டது. கதவு திறக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஜன்னல் வழியாக அக்கா கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பது தெரிந்தது, என்னைப் பார்க்காமல். கடைசியில் கையை மடக்கிக் கதவில் இடித்தேன். உடனே தலையைத் தூக்கினார்.

"தட்டினாக் கேக்கும்மா. அந்தப் பெல்லு ரிப்பேர். இவர்கிட்டச் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், ஆள் கூட்டிட்டு வர மாட்டேங்கறார்."

முதல் கார்டை மாட்டினேன். பத்தியை அடித்து முடிக்க மூன்று குட்டு வாங்கினேன். இசை வந்தது. அக்கா ஸ்பீக்கரின் மேல் கவிழ்ந்து காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, "இது இல்ல," என்றார். "இது ஒப்புதான். மேல ஒண்ணுமே இல்ல பாரு."

இரண்டாவது கார்டை அந்தக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. அதன் மேலிருந்த சின்ன ஊசிகளில் மாட்டும் தொப்பிகளை இடம் மாற்ற வேண்டும், எங்கே என்று சொல்ல அதன் காகிதம் இல்லை. இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்போ அதுதான் அசல்," என்றார் அக்கா. முகம் அப்படி மலர்ந்திருந்தது. "மொரண்டு பிடிக்குது பாரு, அதுதான்."

திரும்பும் பஸ்ஸில் திருவெறும்பூர் தாண்டும்போது அந்தக் குருவி என் தலைக்குள் கத்தியது. பெல் ரிப்பேர் இல்லை. தெருவில் நின்ற எனக்கே கேட்டது. கதவில் இடித்தது கேட்கிறது, குருவி கேட்கவில்லை. கட்டை கேட்கிறது, மினுக்கு கேட்கவில்லை. லேப்டாப்பில் எனக்கு மினுங்கியது. முதல் கார்டிலும் ஏதோ மினுங்கியது. மேலே இருப்பது எதுவும் அக்காவின் காதுக்கு இனி வராது என்றால் நான் எந்தக் கார்டைக் கொண்டுபோய் என்ன?

அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் காது டாக்டர் இல்லை. ஒரு காலிங் பெல்லை வைத்து ஒருவருடைய காதைத் தீர்ப்புச் சொல்வது சரியா? சொல்வதானாலும் எப்படிச் சொல்வது? 'அக்கா, கார்டில் குறை இல்லை' என்று ஆரம்பித்தாலே முடிவு தெரிந்துவிடும். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று சத்திரம் வரும்வரை யோசித்தேன். பிறகு இன்னொரு பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் ஏறியபோதும் யோசித்தேன். வரவில்லை.

தொப்பிகளை எப்படி மாட்டுவது என்பதைக் கண்டுபிடிக்கச் சரஸ்வதி பூஜைக்கு முந்தைய இரவாகிவிட்டது. சரியாக மாட்டி, கார்டைப் பழைய உறையில் போட்டு மேசை மேல் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மேசை காலி. சாமி படத்துக்கு முன்னால் பலகை போட்டு, என் வகுப்பு நோட்டுகள், அப்பாவின் ரம்பம், அரிவாள்மனை, தம்பியின் கால்குலேட்டர் எல்லாம் அடுக்கியிருந்தது. நடுவில் கார்டு. சிப்பின் மேல் ஈரச் சந்தனம். பொன் பூசிய பல் வரிசை முழுக்கக் குங்குமம்.

"அம்மா! அது எனக்கு இன்னைக்கு வேணும்மா."

"படிப்புச் சாமான்தானடி? அதான் வச்சேன். அந்தப் பல்லு வரிசை என்ன லட்சணமா இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வச்சிருக்கேன் பாரு."

"தண்ணி தெளிச்சியா?"

"லேசாத் தெளிச்சேன். அதுக்கு என்ன சளியா பிடிக்கும்?"

"நான் எடுத்துக்கறேன்மா. ஒருத்தவங்களுக்குக் காது ஆபரேஷன். அதுக்குள்ள கேக்கணும்."

அம்மா விளக்கைத் துடைப்பதை நிறுத்தினார். "பூஜைல வச்சதை யாராவது பாதில எடுப்பாங்களா? அதுவும் ஆபரேஷன் ஆகப் போறவங்களுக்காக? நல்லா இருக்கணும்னுதானே வைக்கறது? நாளைக்குக் காலைல மறுபூஜை முடிச்சிட்டு மொத ஆளா எடுத்துட்டு ஓடு."

நான் எடுத்திருக்கலாம். கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். அம்மாவின் பேச்சில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை என்பது ஒரு காரணம். ஒரு நாள் தள்ளிப்போகிறதே என்று எனக்குள் ஏதோ லேசானது இன்னொரு காரணம். எது முதல் காரணம் என்று இப்போதும் பிரிக்க முடியவில்லை. அக்காவுக்கு 'நாளைக்கு வரேன்' என்று செய்தி அனுப்பினேன். 'சரி. சாப்பாடு இங்கதான்' என்று பதில் வந்தது.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்ததும் கார்டை எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பல் வரிசையை ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். சிவப்பு முழுவதும் போக வெகுநேரம் ஆனது. கைலாசபுரம் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. கதவை இடிக்கத் தேவையிருக்கவில்லை. அக்காவின் கணவர் அருள்ராஜ் சார் வாசலிலேயே நின்று, பிளாஸ்க், போர்வை, தலையணை என்று காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. காலைலேர்ந்து சாப்பிடாம உக்காந்திருக்கா, உன் கார்டு வரட்டும்னு. நாளைக்குத்தான் பட்டினி, இன்னைக்கு இல்லன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறா."

"நான் சொன்னா இவருக்கும்தான் கேக்காது," என்றார் அக்கா அவர் உதட்டைப் பார்த்து. "இவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

கார்டை மாட்டினேன். கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு, கார்டு இருக்கிறது என்று சொன்னது. அம்மா தெளித்த தண்ணீர் எதையும் கெடுக்கவில்லை. பத்தியை அடிக்க உட்கார்ந்தேன். தினமும் அடிக்கிற விரல்கள்தான். ஆனால் பின்னால் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றால் விரலுக்கும் தெரிந்துவிடுகிறது. டொக். மறுபடி முதலிலிருந்து. இந்த முறை தப்பவில்லை. கடைசி முற்றுப்புள்ளி வைத்ததும் இசை எழுந்தது.

அக்கா ஸ்பீக்கரில் காதை அழுத்தியிருந்தார். கண் மூடியிருந்தது. இசை முடிந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் தோளைத் தொட வேண்டியிருந்தது.

"முடிஞ்சிடுச்சா?"

தலையாட்டினேன்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். "மேல ஒண்ணும் வரல சுபா," என்றார். எப்போதும் உரக்கப் பேசுபவர், அதை மட்டும் மிகச் சன்னமாகச் சொன்னார். "எதுலயும் வரல. அன்னைக்கு லேப்டாப்புல போட்டியே, அப்பவே வரல. கார்டுதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்தேன்." என் முகத்தைப் பார்த்தார். "உனக்குத் தெரியும்ல?"

"சந்தேகம்தான்க்கா இருந்துச்சு."

"டாக்டர் அன்னைக்கே படம் போட்டுக் காட்டினாரே லூர்து," என்றார் அருள்ராஜ் சார் வாசற்படியிலிருந்து. "மேல் சத்தம் வர்ற பக்கம் கோடு விழுந்துடுச்சுன்னு."

"நீங்க சும்மா இருங்க. படத்துல பாட்டு கேக்குமா?"

அவர் கையில் பிளாஸ்க்கின் மூடி இருந்தது. அதைத் திருகிக்கொண்டே நின்றார்.

நான் என்ன செய்வது என்று தெரியாமல் கார்டைக் கழற்றத் திருப்புளியை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தார். "இரு. நீ ரெண்டையும் கேட்டியே. எது அசல்? நீ சொல்லு."

"எனக்கா? எனக்குச் சரியா வித்தியாசம் தெரியலக்கா. ஒரே மாதிரியும் இருக்கு, வேற மாதிரியும் இருக்கு."

"இது என்ன பதில்? உங்க ஸ்கேன் ரிப்போர்ட்டு மாதிரி. நான் கேக்கறேன், நீ ஒவ்வொண்ணாச் சொல்லு. மொதச் சத்தம் எப்படி வருது?"

மறுபடி பத்தியை அடித்தேன். இரண்டு குட்டுக்குப் பிறகு இசை வந்தது. இந்த முறை அதைக் கேட்பது ஒன்றே என் வேலை என்பதுபோல உட்கார்ந்தேன். "எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி ஊத்திக்கிட்டே ஸ்பூனால தட்டற மாதிரிக்கா."

"டம்ளர்ல தண்ணி எவ்வளவு இருக்கு?"

"பாதிக்கு மேல."

"சரி. அது ஏறும்போது இடையில ஒரு மூச்சு விடும். விடுதா?"

"விடுது."

"மொதக் கார்டுல விட்டுச்சா?"

யோசித்தேன். "அதுலயும் விட்டுச்சுக்கா."

"ம். அப்போ அதை வச்சு சொல்ல முடியாது." கண்ணை இடுக்கிக்கொண்டு தனக்குள் எதையோ தேடினார். அந்த வயதில் அவர் எழுதிய எண்களையா, ஒலியையா தெரியவில்லை. "கடைசிச் சத்தம். அது அணையும்போது நேரா அணையுதா, ஆடி அணையுதா?"

மொத்தத்தையும் திரும்ப அடித்தால்தான் கடைசி ஒலி வரும். அடித்தேன். வெளியே கார் டிக்கி சாத்தும் சத்தம் கேட்டது. இசையின் கடைசி ஒலி எழுந்து, மெலிந்து, மறைந்தது. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை தானாக உயர்ந்து காற்றில் மெல்ல இடவலமாக அசைந்துகொண்டிருந்தது, தொட்டில் ஆட்டுவது போல.

"ஆடுதுக்கா," என்றேன்.

"இப்படியா?" கை அசைந்தது.

"இன்னும் கொஞ்சம் மெதுவா."

கை மெதுவானது. "இப்படி?"

"ஆமா. அப்படித்தான்."

"மொதக் கார்டுல?"

"அதுல நேரா அணைஞ்ச மாதிரிதான் ஞாபகம்."

அக்கா கையைக் கீழே இறக்கவில்லை. அதன் அசைவைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அசைவுக்கும் வீச்சு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் விரல்கள் மட்டும் ஆடி, நின்றது. "அப்போ இதுதான்," என்றார். "அந்த எண்ணை நான் எவ்வளவு நாள் தேடினேன் தெரியுமா? அசல்ல மட்டும்தான் ஆடும். இதைக் கழட்டாத. இதுலயே இருக்கட்டும்."

"முதல் கார்டையும் ஒருதடவை மாட்டிக் கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"லூர்து, நேரமாச்சு. ஆறு மணிக்குள்ள வந்து சேரணும்னாங்க," என்றார் அருள்ராஜ் சார். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் செய்வது போல வரிசையாக ஃபேனை, லைட்டை, பிறகு மெயினையே அணைத்தார். திரை இருண்டது. நான் முதல் கார்டை உறையில் போட்டு, நல்லுசாமி அண்ணனிடம் திருப்பிக் கொடுக்கப் பைக்குள் வைத்தேன்.

கார் கதவைத் திறந்தபடி அக்கா நின்றார். "சுபா, நீ கேட்டது உறுதிதானே?"

எந்தக் கேள்விக்கும் நான் ஒரே வார்த்தையில் பதில் சொன்னதில்லை. கை ஆடியதைப் பார்த்து ஆடுகிறது என்றேனா, காதில் ஆடியதால் சொன்னேனா என்று அந்த நொடியிலேயே எனக்குப் பிரியவில்லை. ஆனால் என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவரிடம் 'அப்படியும் இருக்கலாம்' என்று சொல்ல இனி நேரம் இல்லை.

"உறுதிக்கா," என்றேன்.

அவர் உள்ளே ஏறிக் கணவரிடம் திரும்பினார். "அதேதாங்க. நான் போட்ட மாதிரியே இருக்காம்." அவர் "சரி, சரி" என்று வண்டியை எடுத்தார். டவுன்ஷிப்பின் வேப்பமர நிழலில் கார் திரும்பி மறைந்தது.

பஸ் ஸ்டாப்பில் ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள் நின்றன. அந்தக் கடைசி ஒலியை மனதில் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவை அது ஆடியது. அடுத்த தடவை ஆடவில்லை. சத்திரம் பஸ் வரும்வரை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.